இரண்டு நாளில் குப்பைக்குப் போன தட்டு

"48 மணி நேர வளர்ப்புக்குப் பின் கிருமி எதுவும் வளரவில்லை." ஆறாத புண்ணோடு ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு அலைகிறவர்களின் ஃபைலில் பெரும்பாலும் இப்படி ஒரு காகிதம் இருக்கும். அதில் பொய் எதுவும் இல்லை. 48 மணி நேரத்தில் வளரவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் என்ன ஆகியிருக்கும் என்று அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. இரண்டாம் நாள் சாயந்திரமே கல்ச்சர் தட்டு ஆட்டோகிளேவுக்குப் போய்விட்டது.

நான் சென்னையில் ஒரு மருத்துவமனையின் மைக்ரோபயாலஜி லேபில் பல வருஷம் வேலை பார்த்தவள். மனிதர்களின் சளி, சீழ், சிறுநீர் பார்த்தே காலம் போனது. நாய் விஷயத்துக்குள் வந்தது எதிர்வீட்டு அக்காவின் ஜூலியால்.

ஜூலி நாட்டு நாய். தெருவில் நடந்த ஒரு சண்டையில் விலாப் பக்கம் நன்றாகக் கடி வாங்கிக்கொண்டு வந்தாள். கழுவி, ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, காயம் மூடியும் விட்டது. கொஞ்ச நாள் கழித்து அதே இடத்தில் தோலுக்கடியில் கெட்டியாக ஒரு வீக்கம். பிறகு சின்னதாக ஒரு ஓட்டை, பக்கத்திலேயே இன்னொன்று. ஓட்டைகளில் தண்ணியாக ஏதோ கசியும். நாற்றம் கிடையாது, பெரிய வலியும் கிடையாது, ஜூலி வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டு, போகிற வருகிற ஸ்கூட்டரைக் குரைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கசிவு குறையும். நிறுத்தினால் திரும்பும். மருந்தை மாற்றிப் பார்த்தார்கள், அதே கதை. கல்ச்சர் அனுப்பினார்கள், மேலே சொன்ன காகிதம் வந்தது.

"ஒண்ணுமே வளரலன்னு வந்திருக்கும்மா. அப்ப கிருமியே இல்லன்னுதானே அர்த்தம்?" என்றார் அக்கா.

"இல்லக்கா. தட்டை இன்னும் நாலஞ்சு நாள் வெச்சிருக்கச் சொல்லுங்க."

தட்டு ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

அந்த ஓட்டைகளைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது நாய் அல்ல, லேப்பராஸ்கோபி செய்துகொண்ட மனிதர்கள். பித்தப்பையை எடுத்திருப்பார்கள், வீட்டுக்குப் போய் நன்றாக இருப்பார்கள். வாரக்கணக்கில் கழித்து, கருவி நுழைத்த துளைத் தழும்பில் ஒரு முடிச்சு வரும், உடையும், கசியும், மூடும், மறுபடி உடையும். நம் நாட்டு அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கு இது நன்றாகப் பழகிய தலைவலி. காரணம் பெரும்பாலும் மைக்கோபாக்டீரியா. காசநோய்க் கிருமியின் குடும்பம்தான், ஆனால் காசநோய் உண்டாக்காத கிளை.

இந்தக் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஈ.கோலை மாதிரிச் சாதாரண பாக்டீரியா வசதியான சூழலில் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமிக்கு அதே வேலைக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும், அதனால்தான் டிபி கல்ச்சருக்கு வாரக்கணக்கில் காத்திருக்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் 'வேகமாக வளரும் மைக்கோபாக்டீரியா' என்று ஒரு கூட்டம்: எம். ஃபார்ச்சுயிட்டம், எம். செலோனே, எம். ஆப்ஸெஸஸ், எம். ஸ்மெக்மாட்டிஸ். பெயரில்தான் வேகம். ஏழு நாளுக்குள் தட்டில் புள்ளி தெரிந்தாலே இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். இரண்டு நாளில் தட்டைத் தூக்கிப் போடுகிற லேபுக்கு இந்த வேகம் போதாது. இத்தனைக்கும் இவை வளரத் தனியான ஊட்டமோ விசேஷத் தட்டோ கேட்பதில்லை. சாதாரண ரத்த அகார் தட்டிலேயே வளரும், எடுத்து வைத்திருந்தால்.

இவற்றின் சொந்த ஊர் மண்ணும் தண்ணீரும். குழாய்க்குள், தொட்டியின் ஓரத்தில், ஷவர் தலையில் வழுவழுப்பாகப் படலம் கட்டி வாழும். குளோரினைச் சாதாரண குடல் கிருமிகளைவிட நன்றாகத் தாங்கும். இவற்றைக் கண்டுபிடித்த வரலாறே ஒரு சின்ன மிருகக்காட்சி சாலை. 1903ல் பெர்லின் அக்வேரியத்தில் செத்துப்போன கடலாமைகளின் நுரையீரலிலிருந்து எடுத்தது எம். செலோனே. எடுத்தவர் ஃப்ரீட்மன். அவர் அத்தோடு நிற்கவில்லை. அந்த ஆமைக் கிருமியையே காசநோய்க்கு மருந்து என்று சொல்லி 1913ல் அமெரிக்காவுக்கு எடுத்துக்கொண்டு போனார். நியூயார்க்கில் பத்திரிகைகள் கொண்டாடின, நோயாளிகள் முண்டியடித்தார்கள், கடைசியில் ஒன்றும் தேறவில்லை. எம். ஃபார்ச்சுயிட்டம் முதலில் 1905ல் தவளையிலிருந்து வந்தது. இப்போதைய பெயர் வைக்கப்பட்டது 1938ல், பிரேசிலில் ஒருவருக்கு வைட்டமின் ஊசி போட்ட இடத்தில் கட்டிய சீழிலிருந்து பிரித்தெடுத்தபோது. ஊசி போட்ட இடத்தில் சீழ் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், நாய்களுக்கும் அது ஒரு வழி.

2000ல் கலிஃபோர்னியாவில் வாட்ஸன்வில் என்ற ஊரில் ஒரு நக அழகு நிலையத்துக்குப் போன 110 பேருக்குக் காலில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. கால் ஊறவைக்கும் தொட்டியில் தண்ணீர் உறிஞ்சும் வலைக்குப் பின்னால் முடியும் தோல் துணுக்குகளும் அடைந்து கிடந்தன, அதில் எம். ஃபார்ச்சுயிட்டம் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அங்கே போகும் முன் காலை ஷேவ் செய்துகொண்டவர்களுக்கு ஆபத்து அதிகம். கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும். பிரேசிலில் இதைவிடப் பெரிது. 2004க்குப் பின் பல மாநிலங்களில் லேப்பராஸ்கோபி மாதிரியான அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2000க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. ஆராய்ந்தால் எம். ஆப்ஸெஸஸ் வகையைச் சேர்ந்த ஒரே வம்சம் ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. கருவிகளை ஊறவைத்த 2 சதவீத குளுட்டரால்டிஹைடில் அது சாகவே இல்லை. கிருமிநாசினியையே தாங்கும் கிருமிக்கு மாத்திரை எம்மாத்திரம்?

நாய்க்கு எப்படி வருகிறது என்றால், தோல் கிழிந்து மண்ணோ தண்ணீரோ உள்ளே போகிற எல்லா வழியிலும் வரும். கடி, முள்கம்பி, சுத்தமில்லாத ஊசி, ஆபரேஷன் தையல். தோலுக்கடியில் உள்ள கொழுப்புப் படலம் இவற்றுக்கு ரொம்பப் பிடித்த இடம். கொழுப்புக்குள் உடம்பின் காவல் அணுக்களும் சரியாக எட்டுவதில்லை, மருந்தும் சரியாக எட்டுவதில்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னியைச் சேர்ந்த ரிச்சர்ட் மாலிக் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் நாய், பூனைகளில் இதை வருஷக்கணக்காகத் துருவித் துருவி எழுதியிருக்கிறார்கள். பூனைக்கு அடிவயிற்றின் தொங்கு கொழுப்பில் வரும், நாய்க்குக் கழுத்திலும் விலாவிலும் பார்க்கலாம். அவர்கள் பக்கத்தில் எம். ஸ்மெக்மாட்டிஸ் அதிகம், அமெரிக்காவில் எம். ஃபார்ச்சுயிட்டம் அதிகம். ஊருக்கு ஊர் குற்றவாளி மாறுகிறான் என்பதால் வேறு ஊர்க்காரர் எழுதிய மருந்துச் சீட்டை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது.

பாக்ஸர் மாதிரிக் குட்டை முடி நாய்களின் காது மடலில் கெட்டியாக முடிச்சு முடிச்சாக வருகிற ஒன்று இருக்கிறது, தொழுநோயை ஒத்த கட்டி என்பார்கள். அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கிருமிதான், இன்னும் யாராலும் லேபில் வளர்க்க முடியவில்லை. பார்க்கப் பயமாக இருக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே போய்விடும். ஒரே குடும்பத்தில் இப்படியும் ஒரு சாது.

இனி எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன், அதாவது மாதிரி எடுக்கும் மேஜை. ஜூலிக்கு முதலில் எடுத்தது கசிகிற ஓட்டையில் பஞ்சுக்குச்சி விட்டு ஒரு துடைப்பு. அதில் வருவது தோல் மேல் இருக்கும் கூட்டம். அவை வேகமாக வளர்ந்து தட்டை மூடினால் உள்ளே இருப்பவன் தெரியவே மாட்டான், ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் ஒன்றுமே வராது. ஓட்டை இல்லாத, ஆனால் வீங்கியிருக்கிற இடத்தில் முடியை மழித்து, 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஆழமாக ஒரு துண்டு சதை பயாப்சி. துண்டை இரண்டாக்கி ஒன்றை ஃபார்மலினில் போட்டு நோய்க்கூறியலுக்கு, இன்னொன்றை ஃபார்மலின் படாமல் கல்ச்சருக்கு. முழுத் துண்டையும் ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிட்டு "கல்ச்சரும் பண்ணிடுங்க" என்று சீட்டில் எழுதுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், மனித மருத்துவத்தில். ஃபார்மலினில் எதுவும் உயிரோடு இருக்காது.

காசநோய்க்குச் செய்கிற அமில நிறச் சோதனையில் கிருமி சிவப்புக் குச்சியாகத் தெரியுமே, அது போதாதா என்று கேட்கலாம். இந்தத் தொற்றில் கிருமி எண்ணிக்கை ரொம்பக் குறைவு. கொழுப்புத் துளிகளுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும், பதப்படுத்தும்போது கொழுப்போடு சேர்ந்து கரைந்து போவதும் உண்டு. தெரிந்தால் அதிர்ஷ்டம். தெரியாவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. கொழுப்புப் படலத்தில் கிருமியே இல்லாமல் வரும் அழற்சியும் நாய்களுக்கு உண்டு, வெளியே பார்த்தால் இதே மாதிரி முடிச்சு, இதே மாதிரிக் கசிவு. அதற்கு மருந்து ஸ்டீராய்டு. "கிருமி வளரவில்லை" என்ற காகிதத்தை நம்பி ஸ்டீராய்டு ஆரம்பித்தால், உண்மையில் உள்ளே மைக்கோபாக்டீரியா இருந்தால், காவல்காரனுக்குத் தூக்க மாத்திரை கொடுத்த கதைதான். ஜூலிக்கும் அந்தப் பேச்சு வந்தது. ஒரு வாரம் பொறுத்து மறு கல்ச்சர் பார்த்துவிட்டுச் செய்யலாம் என்று அவளுடைய டாக்டரே சொன்னார். நல்ல மனிதர், என்னை மாதிரி ரிட்டயர்டு லேப் ஆளின் போனையும் எடுத்துப் பேசினார்.

மறு மாதிரியில் நாலாம் நாள் புள்ளி தெரிந்தது. எம். ஃபார்ச்சுயிட்டம்.

அக்காவுக்கு நான் விளக்கியபோது "டிபி கிருமியோட குடும்பம்" என்று வாய் தவறாமல்தான் சொன்னேன், ஆனாலும் அவர் காதில் விழுந்தது டிபி மட்டும். "அப்படின்னா எங்க மாமியார் சாப்பிட்ட டிபி மாத்திரை மிச்சம் இருக்கும்மா. அதையே குடுத்துடலாமா?"

கேட்டாரே, அந்த மட்டும் நல்லது. இதற்குப் பதில் இரண்டு பாகம்.

முதல் பாகம், அந்த மாத்திரைகள் இந்தக் கிருமியைத் தொடக்கூடச் செய்யாது. ஐசோனியாசிட், பைரசினமைட் இரண்டுக்கும் எம். ஃபார்ச்சுயிட்டம் அசையாது. ரிஃபாம்பிசினுக்கு இந்தக் கூட்டத்திடம் தனியாக ஒரு நொதி இருக்கிறது. மருந்து மூலக்கூறின் மேல் ஒரு மூட்டையை ஒட்டிச் செயலிழக்க வைத்துவிடும். யாரும் தப்பும் தவறுமாக மருந்து கொடுத்து இதைக் கற்றுக்கொடுக்கவில்லை, பிறவியிலேயே உண்டு. மண்ணில் மற்ற நுண்ணுயிர்கள் சுரக்கும் நஞ்சுகளுக்கு நடுவே காலம் காலமாக வாழ்ந்த கிருமிகள் இவை. மெழுகு மாதிரிக் கொழுப்பமிலங்கள் அடுக்கிய சுவர் வேறு, பாதி மருந்துகள் உள்ளேயே போக முடியாது.

இரண்டாம் பாகம் உயிர் சம்பந்தப்பட்டது. ஐசோனியாசிட் நாய்க்கு விஷம். மனித உடம்பு அந்த மருந்தை அசிட்டைல் ஏற்றிச் செயலிழக்கச் செய்து வெளியே தள்ளும். அதற்கு வேண்டிய நொதி நாய்க்கு இல்லவே இல்லை. நம் கல்லீரல் சமாளிக்கிற 300 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, சின்ன நாயைக் கொல்லப் போதும். விழுங்கிச் சில மணி நேரத்துக்குள், சமயத்தில் அரை மணியிலேயே, நிற்காத வலிப்பு வரும். முறிவு மருந்து வைட்டமின் பி6, அதுவும் நரம்பு வழியாக, உடனே. ரஷ்யாவில் தெருநாய்களைக் கொல்லக் கிளம்பியிருக்கும் ஆட்கள் இந்த மாத்திரையைத்தான் இறைச்சித் துண்டில் வைத்து எறிகிறார்கள். டிபி நோயாளியின் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் தடுப்பாக ஐசோனியாசிட் கொடுக்கும் திட்டம் இங்கே நடக்கிறது, ஆகவே இந்த மாத்திரை நிறைய வீடுகளில் டீவி மேஜை மேல் கிடக்கிறது. நாய் வளர்க்கிறவர்கள் அதை உயரத்தில், மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மாத்திரைப் பட்டையைக் கடித்துக் குதறுவது நாய்க்குட்டிக்கு விளையாட்டு.

அக்கா அன்றைக்கே மிச்ச மாத்திரைகளைக் கொண்டுபோய் சுகாதார நிலையத்தில் கொடுத்துவிட்டார்.

மருந்து எதிர்ப்பு என்றதும் நாம் எல்லோரும் ஒரே கதையைச் சொல்கிறோம்: அரைகுறையாக ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டார்கள், கிருமி உஷாராகிவிட்டது. இந்தக் கிருமிகள் விஷயத்தில் அந்தக் கதை பாதிதான் பொருந்தும். மீதிப் பாதி விசித்திரமானது. கிளாரித்ரோமைசின் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம், இந்தத் தொற்றுகளுக்கு அதை ரொம்ப நம்பினார்கள். எம். ஆப்ஸெஸஸை அந்த மருந்தோடு வைத்து மூன்று அல்லது ஐந்து நாளில் பார்த்தால் கிருமி அடங்கியிருக்கும், "மருந்து கேட்கிறது" என்று ரிப்போர்ட் எழுதிவிடலாம். அதே குழாயைப் பதினாலாம் நாள் பார்த்தால் வளர்ந்து நிற்கும். உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு மரபணுவை மருந்தே தட்டி எழுப்பிவிடுகிறது. கும்பகர்ணனை எழுப்பத் தாரை தப்பட்டையோடு போனவர்களாவது வேண்டுமென்று எழுப்பினார்கள், நாம் தெரியாமல் எழுப்புகிறோம். erm(41) என்று ஆங்கிலத்தில் எழுதும் அந்த மரபணுவை 2009ல்தான் அடையாளம் கண்டார்கள். அதற்கு முன் எத்தனை பேருக்கு "கேட்கிறது" என்ற ரிப்போர்ட்டை வைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவே சங்கடம். எம். ஃபார்ச்சுயிட்டம், எம். ஸ்மெக்மாட்டிஸ் இரண்டிடமும் இதே ஜாதி மரபணு உண்டு. எம். செலோனேயிடம் கிடையாது, அதற்கு இன்றும் கிளாரித்ரோமைசின் கைகொடுக்கும். ஆனால் எம். செலோனேக்கும் எம். ஆப்ஸெஸஸுக்கும் ஃபுளூரோகுயினலோன் மருந்துகளும் டாக்ஸிசைக்ளினும் பெரும்பாலும் வேலை செய்யாது, எம். ஃபார்ச்சுயிட்டத்துக்கு ஃபுளூரோகுயினலோன் நன்றாக வேலை செய்யும்.

மைக்கோபாக்டீரியா என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒரு மருந்தும் தேர்ந்தெடுக்க முடியாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். எந்த இனம் என்ற பெயர் வேண்டும். மரபணு வரிசையைப் பார்த்துப் பெயர் சொல்லும் வசதி சென்னையிலேயே இருக்கிறது. காசு ஆகும், தெரியும். வேலை செய்யாத மருந்தை ஆறு மாசம் வாங்குவதற்கு ஆகும் காசை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாம் சொல்லிக்கொடுத்து வருகிற எதிர்ப்பும் உண்டுதான். கிளாரித்ரோமைசின் போய்ப் பிடிக்கும் மரபணு ஈ.கோலையிடம் ஏழு பிரதிகள் இருக்கும், எம். ஆப்ஸெஸஸிடமும் எம். செலோனேயிடமும் ஒரே ஒரு பிரதி. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினால் மருந்துக்குப் பிடியே இல்லை. ஒற்றை மருந்தை மட்டும் நீண்ட நாள் கொடுத்தால், கோடிக்கணக்கான கிருமிகளில் அப்படி மாறிய ஒன்று மிஞ்சினாலும் போதும், மிச்சக் காலம் அதன் ராஜ்ஜியம். ஆகவே புண் பெரிதாகப் பரவியிருந்தால் குறைந்தது இரண்டு மருந்து, வெவ்வேறு வழியில் தாக்குவதாக. வீக்கம் அடங்கி, ஓட்டைகள் மூடி, தோல் மிருதுவான பிறகும் ஒன்றிரண்டு மாதம் தொடர்ந்து. மொத்தத்தில் மூன்று முதல் ஆறு மாதம், சமயத்தில் அதற்கு மேலும். கெட்டியாகிக் கிடக்கும் திசுவை அறுவை செய்து முழுதாக எடுப்பதும் பலருக்குத் தேவைப்படும். வெட்டுவதற்கு முன்பே மருந்து ஆரம்பித்துக் கிருமி எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டுதான் கத்தியை எடுப்பார்கள். வெறுமனே வெட்டித் தைத்தால் தையல் வழியாகவே திரும்ப வரும்.

ஜூலிக்கு வந்தது ஒரு ஃபுளூரோகுயினலோனும் டாக்ஸிசைக்ளினும், சென்சிட்டிவிட்டி பார்த்த பிறகு. வளரும் குட்டிக்கு ஃபுளூரோகுயினலோன் மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கும், ஜூலி வளர்ந்தவள், பிரச்சினையில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. அக்கா இரண்டு மாத்திரையையும் தயிர் சாதத்தில் பிசைந்து வைத்தார். தமிழ்நாட்டு நாய்களில் பாதி தயிர் சாதத்தில்தான் மாத்திரை சாப்பிடுகின்றன. தயிரில் உள்ள கால்சியம் இந்த இரண்டு வகை மருந்தையும் பிடித்துக்கொள்ளும். ஃபுளூரோகுயினலோனில் நிறைய, டாக்ஸிசைக்ளினில் கொஞ்சம். ரத்தத்தில் சேர வேண்டிய மருந்து மலத்தோடு போய்விடும். பாலும் அப்படித்தான், பன்னீரும் அப்படித்தான். "அப்ப எதுலதான் வெச்சுக் குடுக்கறது?" என்று அக்கா சலித்துக்கொண்டார். அவர்கள் வீட்டில் கறி கிடையாது, முட்டை உண்டு. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவில் பொதித்து, பின்னாலேயே கொஞ்சம் தண்ணீர். டாக்ஸிசைக்ளின் தொண்டைக் குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கும் என்பதால் தண்ணீர் முக்கியம்.

மாதக்கணக்கில் தினமும் மாத்திரை கொடுப்பது பற்றி இந்த ஊரிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. சேத்துப்பட்டில் 1956ல் ஆரம்பித்த காசநோய் ஆராய்ச்சி மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டாலும் காசநோய் குணமாகும் என்று 1959ல் உலகத்துக்குக் காட்டியது. அதன் முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ் 1958லேயே இன்னொன்றும் எழுதினார்: நோயாளி கையில் மாத்திரையைக் கொடுத்துவிட்டால் அவர் சாப்பிடுவார் என்று நம்ப முடியாது. உடம்பு தேறியதும் விட்டுவிடுவார்கள். எதிரில் உட்கார வைத்து விழுங்க வைக்கும் முறை வளர்ந்தது அந்த அனுபவத்திலிருந்து. நாய்க்கு மாத்திரையை எதிரில் உட்கார்ந்துதான் கொடுக்கிறோம், ஆகவே நாயிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. விடுகிறவர்கள் நாம். புண் மூடியதும் "சரியாயிடுச்சே, எதுக்கு விஷத்தைக் குடுக்கணும்" என்று அக்கா வீட்டுக்காரர் தினமும் ஒருமுறை கேட்டார். அக்கா கேட்கவில்லை. தோல் மூடினது கணக்கில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அந்தத் தோல் ஏற்கெனவே அவரைப் பலமுறை ஏமாற்றியிருந்தது.

ஜூலியின் விலாவில் இப்போது கொஞ்சம் முடி இல்லாத தழும்பு மட்டும் இருக்கிறது. மருந்து நின்று பல மாதம் ஆகிவிட்டது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது தெருவில் பலர் கேட்டது, "நமக்கு ஒட்டிக்குமா?" என்பதுதான். எம். ஃபார்ச்சுயிட்டம் மாதிரியானவை நாயிடமிருந்து மனிதருக்குத் தாவும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஜூலிக்கு வந்த அதே மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் நமக்கு அது தினமும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போட்டுப் புண்ணைத் துடையுங்கள், போதும்.

நிஜமான காசநோய்க் கிருமி வேறு விஷயம். அது நாய்க்கும் வரும், பெரும்பாலும் நம்மிடமிருந்து. 2004ல் வெளியான ஒரு அமெரிக்க அறிக்கை டென்னஸியைச் சேர்ந்த யார்க்‌ஷயர் டெரியர் ஒன்றைப் பற்றியது. வளர்த்தவருக்குச் சில மாதங்களுக்கு முன்பு காசநோய், நாய்க்கு இருமல், எடை குறைதல், வாந்தி. இருவரிடமும் எடுத்த கிருமி மரபணு அளவில் ஒன்றே. 2014ல் போர்ச்சுகலிலிருந்து இன்னொரு அறிக்கை, குடும்பத்தில் காசநோய் வந்துபோன வீட்டு நாய், குடலைப் பிடித்து அது செத்தே போனது. கிருமி பல மருந்துகளை எதிர்க்கும் நிலையின் வாசலில் இருந்தது. மாட்டுக் காசநோய்க் கிருமியான எம். போவிஸ் நாய்க்கு வருவது வேறு வழியில். இங்கிலாந்தில் 2017 வாக்கில் ஒரு வேட்டை நாய்க் கூட்டத்தில் சோதித்தவற்றில் பாதிக்கு மேல் தொற்றின் தடயம் இருந்தது, செத்த மாடுகளின் வேகாத உறுப்புகளைத் தின்னக் கொடுத்ததில்தான் சந்தேகம் விழுந்தது. எம். போவிஸுக்குப் பைரசினமைட் பிறவியிலேயே வேலை செய்யாது. பச்சைக் கறிதான் நாய்க்கு இயற்கை உணவு என்று யூட்யூபில் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் படிக்கலாம்.

அப்படி ஒரு நாய்க்கு, மருந்து எதிர்க்கும் காசநோய் வந்துவிட்டால் வைத்தியம் பார்க்கலாமா? எனக்கு இதில் தயக்கமில்லாத கருத்து இருக்கிறது, நாய்ப் பிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. கூடாது. மாதக்கணக்கில் வீட்டுக்குள் இருமிக்கொண்டு அல்லது கசிந்துகொண்டு ஒரு விலங்கு, அதற்கு மனிதர்களின் கடைசி மருந்துகள். நாயிடமிருந்து மனிதருக்குக் காசநோய் பரவியதற்குச் சான்று மிகக் குறைவு என்பது உண்மை, ஆனால் குழந்தையும் வயசானவர்களும் உள்ள வீட்டில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க நான் தயாராக இல்லை. ஐரோப்பிய யூனியன் 2022ல் ஒரு பட்டியல் போட்டது, மனிதருக்கு மட்டும் என்று ஒதுக்கிய மருந்துகள். கார்பாபெனம் வகை, லினெசோலிட் வகை, டைகெசைக்ளின் வகை எல்லாம் அதில் உண்டு. எம். ஆப்ஸெஸஸ் வந்த மனிதருக்குக் கடைசியாகக் கொடுப்பவையும் ஏறக்குறைய இவைதான். அங்கே அப்படி ஒரு நாய்க்கு மருத்துவர் கையில் மிஞ்சுவது கத்தியும் இரண்டு மூன்று பழைய மருந்துகளும்தான். கடுமையாகத் தோன்றும், எனக்குச் சரியென்றே படுகிறது. நம் நாட்டில் 2014லிருந்து காசநோய் மருந்துகள் ஹெச்1 பட்டியலில் இருக்கின்றன, கடைக்காரர் யாருக்கு விற்றார் என்று பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். தெருமுனைக் கடையில் நாய்க்கென்று கேட்டால் எழுதாமல் கொடுப்பார்களா என்று கேட்காதீர்கள்.

நாய்க்கு டிபி என்று ரிப்போர்ட் வந்தால் அன்றைக்கே செய்ய வேண்டியது நாயைப் பற்றியதே இல்லை. வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. தாத்தா "எனக்கு இது சிகரெட் இருமல்" என்பார், அவரை முதலில் கூட்டிக்கொண்டு போங்கள். பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா, மாடியில் ட்யூஷன் படிக்க வருகிற பிள்ளைகள், சாயந்திரம் நாயை நடத்திக்கொண்டு போகிற பையன், இவர்களையும் சேர்த்து. அரசு சுகாதார நிலையத்தில் காசு கேட்க மாட்டார்கள்.